ஊறு

வேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இந்த மேசைமேல் ஒரு சின்னப் பொருள் வைத்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பேனா அளவில் ஒரு பிடி, அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பான நைலான் இழை. அது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் செருப்பு வார் காலின்மேல் எந்த இடத்தில் படிந்திருக்கிறது? கேட்டவுடன் தெரிகிறது, இல்லையா? கேட்பதற்கு முந்தைய நொடியில் தெரிந்ததா? இடுப்பில் சேலைக் கட்டு, மணிக்கட்டில் கடிகாரம், மூக்கின்மேல் கண்ணாடி எல்லாம் காலையிலிருந்து உங்களைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. மாறாத செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தோல் எப்போதோ குறைத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த வாருக்கடியில் ஓர் எறும்பு நுழையட்டும். என் பேச்சை விட்டுவிட்டு உடனே குனிவீர்கள்.

ஐம்புலன்களைப் பற்றிப் பேச அழைத்தார்கள். கண்ணையும் காதையும் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன். தோலுக்குப் பாடத்திட்டத்தில் கிடைக்கும் இடம் மிகக் குறைவு என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே இன்று தோலும் தொடுதலும் மட்டும்தான்.

தொல்காப்பியர் அந்த இடத்தை மறுக்கவில்லை. மரபியல் என்னும் இயலில் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும்போது ஓரறிவுக்கு அவர் வைத்தது தொடு உணர்வை. புல்லும் மரமும் அதில் அடங்கும். அதன்மேல் சுவை, பிறகு மூக்கு, பிறகு கண், பிறகு செவி, ஆறாவதாக மனம். ஓர் உயிருக்கு ஒரே ஒரு புலன்தான் என்றால் அது தொடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டிருக்கிறார். இதை நவீன உயிரியலுக்கு முன்னோடி என்று நான் பெருமை பேச வரவில்லை. புல்லையும் மரத்தையும் கூர்ந்து பார்த்த ஒரு கண் அதற்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கண் எனக்குப் போதும்.

தொடு உணர்வுக்குத் தமிழில் ஊறு என்று ஒரு பழைய சொல் உண்டு. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. பிறகு அதற்கு வருகிறேன்.

ஒரு பெரிய ஆளின் தோலை விரித்தால் சுமார் 2 சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பு முழுதும் ஒரே கூர்மையுடன் இருப்பதில்லை. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் வேபர் 1834-இல் இதை ஒரு கவராயத்தை வைத்து அளந்தார். வீட்டில் ஒரு கொண்டை ஊசி இருந்தால் நீங்களும் செய்யலாம். அதன் இரு முனைகளையும் சேர்த்தாற்போல் விரல் நுனியில் வையுங்கள். இடையே 2 மில்லிமீட்டர் இருந்தாலே இரண்டு முனை என்று விரல் சொல்லிவிடும். முதுகில் வைத்தால் 4 சென்டிமீட்டர் அகட்டினாலும் ஒரு முனை போலத்தான் தோன்றும். முதுகில் அரிக்கிறது என்று பேரனைச் சொறியச் சொன்னால் இங்கே, இல்லை இங்கே, இன்னும் கொஞ்சம் மேலே என்று நாம் தடுமாறுவதன் காரணம் இதுதான். ஓர் உள்ளங்கையிலும் அதன் விரல்களிலுமாக 17,000 தொடு உணர் நரம்பிழைகள் முடிகின்றன. முதுகுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்த நரம்பு முனைகளில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். பசீனி என்ற இத்தாலியர், மருத்துவ மாணவராக இருந்தபோது ஒரு கையை அறுத்துப் பார்க்கையில் விரல் நரம்புகளின் ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளம். வெறுங்கண்ணுக்கே தெரியும். இன்று அவற்றுக்கு அவர் பெயர்தான். ஒன்றை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் சின்ன வெங்காயத்தை நறுக்கியது போலவே இருக்கும். அடுக்கடுக்காகச் சவ்வு, அடுக்குகளுக்கு நடுவே நீர், நட்டநடுவில் நரம்பின் நுனி. தோலை அழுத்தும்போது அழுத்தம் எல்லா அடுக்குகளையும் தாண்டி நடுவில் இருக்கும் நுனியைத் தொடும், நரம்பு துடிக்கும். அழுத்தம் அப்படியே நீடித்தால் இடையிலுள்ள நீர் வழுகிப் பரவிவிடும், நுனிக்கு அழுத்தம் போய்ச் சேராது. கையை எடுக்கும்போது மறுபடி ஒரு துடிப்பு. வந்தது, போனது இரண்டையும் சொல்லும், இருப்பதைச் சொல்லாது. செருப்பு வார் மறந்துபோன கதையில் பாதி இந்த வெங்காயத்தில் இருக்கிறது. மீதிப் பாதி மூளையில்.

எல்லா முனைகளும் இப்படியல்ல. அழுத்தம் இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பவை உண்டு. தோல் இழுபடுவதைச் சொல்பவை உண்டு. சூட்டுக்கும் குளிருக்கும் வலிக்கும் வேறு முனைகள். அவற்றுக்கு உறைகூடக் கிடையாது, மொட்டை நரம்புகள். மிளகாய் வேலை செய்வது இங்கேதான். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டறிந்த புரதம் ஒன்று, ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் திறக்கும் கதவு. மிளகாயின் காரப்பொருளும் அதே கதவைத் திறக்கிறது. காரம் நாக்கில் பட்டதும் சுடுகிறது என்று நாம் கத்துவதில் பொய்யே இல்லை. பறவைகளின் கதவு அந்தக் காரப்பொருளுக்குத் திறப்பதில்லை. கிளி பச்சை மிளகாயை அமைதியாகத் தின்பதன் மர்மம் இவ்வளவுதான்.

சூட்டின் கதவு கிடைத்த பிறகும் தொடுதலின் கதவு எது என்று தெரியாமல் இருந்தது. லெபனான் நாட்டின் பெய்ரூட்டிலிருந்து இளம் வயதில் அமெரிக்காவுக்குப் போன ஆர்டெம் பட்டபூட்டியனும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்த பெர்ட்ராண்ட் கோஸ்ட்டும் அதைத் தேடிய விதத்தை மாணவர்களிடம் நான் சொல்லாத ஆண்டே இல்லை. கண்ணாடி ஊசியால் குத்தினால் மின்சாரம் எழும் உயிரணு வகை ஒன்று அவர்களிடம் இருந்தது. எந்த மரபணு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 72 பெயர்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் குத்திப் பார்த்தார்கள். முதல் மரபணுவை அணைத்தார்கள், மின்சாரம் வந்தது. பத்தாவது, வந்தது. ஐம்பதாவது, வந்தது. 72-ஆவதை அணைத்தபோது குத்தியும் உயிரணு சும்மா இருந்தது. பட்டியலில் கடைசிப் பெயர் அது. கண்டுபிடிப்பு 2010-இல் வெளியானது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்கு பியெட்சோ என்று பெயரிட்டார்கள். அதன் வடிவம் நம் வீட்டுக் கூரையில் சுழலும் மூன்று இறக்கை மின்விசிறியை ஒத்தது. உயிரணுவின் மேல்சவ்வு இழுபட்டால் இறக்கைகள் படியும், நடுவில் துளை திறக்கும், மின்னூட்டம் கொண்ட அணுக்கள் உள்ளே பாயும். 2021-இல் பட்டபூட்டியனுக்கும் ஜூலியஸுக்கும் சேர்த்து நோபல் பரிசு தந்தார்கள்.

பிறவியிலேயே இந்தப் புரதத்தின் ஒரு வகை வேலை செய்யாதவர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள். கண் திறந்திருந்தால் நடப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் நிற்கவே தடுமாறுவார்கள். தன் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று நமக்குப் பார்க்காமலே தெரிவதும் இதே கதவின் வேலை என்பது அவர்களால்தான் உறுதியானது.

கதவு திறந்தாயிற்று. அதன் பிறகு என்ன? இங்கே எனக்கு இன்றும் வியப்புத் தீராத ஒரு செய்தி. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், சோட்டர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1926-இல் தவளையின் ஒற்றை நரம்பிழையில் போகும் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். தசையை மெல்ல இழுத்தாலும் பலமாக இழுத்தாலும் துடிப்பின் அளவு ஒன்றே. பலமாக இழுத்தால் துடிப்புகள் நெருக்கமாக வந்தன, அவ்வளவே. அடைமழையில் துளி பெரிதாவதில்லை. துளிகள் நெருங்குகின்றன, அதுபோல. மயிலிறகு வருடியதும் முள் குத்தியதும் கண்ணில் வெளிச்சம் பட்டதும் நாதஸ்வரம் கேட்டதும் நரம்புக்குள் போய்விட்டால் ஒரே மாதிரித் துடிப்புதான். எந்த நரம்பில் வந்தது என்பதை வைத்துத்தான் மூளை இது வெளிச்சம், இது வலி என்று பிரிக்கிறது.

சந்தேகம் இருந்தால் முழங்கையைக் கதவு நிலையில் இடித்துப் பாருங்கள். வேண்டாம், எல்லோரும் ஏற்கெனவே இடித்திருப்பீர்கள். இடிபட்டது முழங்கை, ஷாக் அடித்தாற்போல் விறுவிறுக்கிறது சுண்டுவிரல். சுண்டுவிரலிலிருந்து வரும் நரம்பு முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. அங்கே அடிபட்டால் துடிப்பு நடுவழியில் கிளம்புகிறது. அது எங்கிருந்து கிளம்பினாலும் சுண்டுவிரல் கூப்பிடுகிறது என்றே மூளை எடுத்துக்கொள்ளும். இந்த முழங்கை நரம்பைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். கண் வாடிக்கையாளர்மேல் இருக்கும், வாய் விலை பேசும், விரல்கள் இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து வாழைநாரை ஒரு சுற்று சுற்றி முடிந்துகொண்டே போகும். நார் நழுவப் பார்த்தால், நழுவுகிறது என்று அவர் அறிவதற்கு முன்பே விரல் இறுக்கிவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் இது நடக்கிறது. சுவீடனில் உமேயா நகரத்து யோஹான்சன் என்ற ஆய்வாளர் ஒரு பெண்ணைத் தீக்குச்சி உரசச் சொன்னார். சில நொடிகளில் பற்றவைத்தார். பிறகு விரல் நுனிகளை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணும் திறந்தே இருக்கிறது. ஆனால் பெட்டியிலிருந்து குச்சியை எடுக்கவே அவர் படாத பாடு பட்டார். எடுத்தால் விழுகிறது, பிடித்தால் திரும்பிக்கொள்கிறது. நாம் கையின் திறமை என்று சொல்வதில் பெரும்பங்கு தோலின் அறிவு.

இனி வலிக்கு வருகிறேன். நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

கால் கட்டைவிரல் கட்டிலில் இடித்தால் முதலில் சுரீர் என்கிறது. ஒரு மூச்சுக்குப் பின்தான் விண்விண் என்று தெறிக்கத் தொடங்குகிறது. வலி ஒன்றே, வந்த பாதை இரண்டு. கொழுப்புறை போர்த்திய மெல்லிய நரம்பில் வருவது நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடும். உறையில்லாத நரம்பில் வருவது நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். இடித்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோமே, அதற்கும் பொருள் உண்டு. தேய்ப்பதன் செய்தி கொழுத்த நரம்பில் அதைவிட வேகமாகத் தண்டுவடத்துக்கு வந்து, வலி நுழையும் வாசலைச் சற்று ஒருக்களித்துவிடுகிறது. மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-இல் இப்படி விளக்கினார்கள். நுணுக்கங்கள் பிறகு மாறியிருக்கின்றன, அடிப்படை நிற்கிறது. குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தேய்த்துவிடும் பாட்டி இதற்காக யாரிடமும் பாடம் கேட்கவில்லை.

வலி இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மூட்டுவலிக்காரர்கள் நினைப்பது இயல்பு. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் இருந்தான். தெருவில் வேடிக்கை காட்டிப் பிழைத்தான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புக் கங்கின்மேல் நடப்பான். அவனுக்கு வலி என்பதே தெரியாது. வலி நரம்புகளில் துடிப்பைக் கிளப்பும் ஒரே ஒரு மரபணு அவன் உறவினர் சிலரிடம் கெட்டிருந்தது என்று 2006-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு தொடங்கும்போது அவன் உயிரோடு இல்லை. பதினான்காம் பிறந்தநாளுக்கு முன்பே வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான்.

ஊறு என்ற சொல்லின் இரண்டாவது பொருள் காயம், கேடு. ஊறு விளைவித்தல் என்று இன்றும் எழுதுகிறோம். தொடுதலுக்கும் காயத்துக்கும் ஒரே சொல். எப்படி நேர்ந்ததென்று மொழியறிஞர்கள் சொல்லட்டும். ஆனால் அந்த இரண்டுக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது இந்த வேலூரில்தான்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். எலும்பு அறுவை மருத்துவராகி 1946-இல் இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் கை விரல்கள் உள்நோக்கி மடங்கிக் கொக்கியாக இருந்தன. அந்தக் கையில் தன் கையைக் கொடுத்து, அழுத்துங்கள் என்றார். முறுக்கென்று ஒரு பிடி, பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. சிதைந்ததாக எல்லோரும் ஒதுக்கிய கையில் அத்தனை பலம். அவரை நிமிர்ந்து பார்த்தார். எதிரில் இருப்பவருக்கு வலிக்கிறது என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவர் கை அவருக்குச் சொல்லவில்லை.

தொழுநோய்க் கிருமி சதையைத் தின்றுவிடும், விரல் தானே அழுகி விழும் என்றுதான் அன்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். மூக்கு, காது மடல், தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகள். நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த முழங்கை நரம்பு, அதன் உறைக்குள் கிருமி குடியேறுகிறது. நரம்பு வீங்கிச் செத்துப்போகிறது. சதைக்கு ஒன்றும் இல்லை. அதில் பட்ட புண் கவனித்தால் யாருக்கும் போல ஆறுகிறது. கவனிக்கச் சொல்லத்தான் ஆள் இல்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் கையைப் பிடித்துப் பார்த்தால் விரலில் எலும்பு தெரியுமளவு வெட்டு. அவனுக்குத் தெரியாது. சிலருக்கு இரவில் விரல் துண்டுகள் காணாமற்போயின. காவல் இருந்து பார்த்தார்கள். எலி கடித்துக்கொண்டு போயிருக்கிறது. தூங்கியவர் எழவே இல்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பினார்கள்.

அந்தப் பூனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இழந்த புலனுக்குப் பதிலாக ஒரு மனிதருக்கு என்ன கொடுக்க முடியும் என்று யோசித்து யோசித்துக் கொடுத்தது அது.

பிறகு பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே பொறியாளர்களுடன் சேர்ந்து வலியைச் செய்து பார்த்தார். கையுறைக்குள் அழுத்தம் அளக்கும் கருவிகள். அளவு மீறினால் காதில் ஓசை. நோயாளிகள் ஓசையைப் பொருட்படுத்தவில்லை. உணர்ச்சி மிஞ்சியிருந்த அக்குளில் மின்சாரம் பாயும்படி மாற்றினார்கள். அப்போது என்ன ஆயிற்று தெரியுமா? எதையாவது பலமாகத் திருக வேண்டிய நேரம் வந்ததும் நோயாளி இணைப்பை அணைத்தார், திருகினார், மறுபடி போட்டுக்கொண்டார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இது தொழுநோயின் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து வந்துவிட்டது, அந்த நோய் குணமாகிறது. இப்போது சொல்லப்போவது என் வீட்டில் நடந்தது.

அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை. கால் மதமதவென்று இருக்கிறது, பஞ்சின்மேல் நடப்பது போல் இருக்கிறது என்று எப்போதாவது சொல்வார். ஒருநாள் இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். சிமெண்ட் தரையில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவப்புத் திட்டு.

"என்னங்க, கால்ல ரத்தம்" என்றார் அம்மா.

"எந்தக் கால்ல?" என்று கேட்டார் அப்பா.

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சோப்புப் பெட்டி ஆணி ஒன்று ரப்பரைத் துளைத்து உள்ளே அரை அங்குலம் நின்றது. காலையில் பெட்டி பிரித்தபோது மிதித்திருக்கிறார். பகல் முழுதும் அதன்மேல் நின்று எடை போட்டிருக்கிறார். நான் அப்போது கல்லூரியில் பசீனியின் வெங்காயத்தைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவன். அப்பாவின் பாதத்தை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரையில் இந்த மரத்துப்போதல் ஏன் காலில் தொடங்குகிறது? கால் கட்டைவிரலில் முள் குத்தியதை அறியும் நரம்பின் உயிரணு முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அதன் முழு நீளத்துக்கும் உணவும் பழுதுபார்க்கும் பொருளும் அந்த ஓர் உயிரணுவிலிருந்தே போக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் மிக நீண்ட இழைகள்தான் முதலில் வாடும். கடைமடைக்குத் தண்ணீர் போகாத கதை. அதனால்தான் காலுறை போட்ட மாதிரி இரண்டு பாதத்திலும் சமமாக மரத்துப்போகிறது. அது சத்தமில்லாமல் வரும். வலித்தால் மருத்துவரிடம் போவோம். வலிக்காமல் போனதற்கு யார் போவார்கள்?

தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்காக இங்கே, வேலூரிலும் கரிகிரியிலும், மெத்தென்ற நுண்ணறை ரப்பரில் செருப்பு செய்து பழகினார்கள். இன்று நம் ஊர்க் கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதுதான். சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அதை முதலில் அணிந்த பாதங்கள் யாருடையவை என்று வாங்குபவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த ஆணிக்குப் பிறகு அப்பா பதினோரு ஆண்டுகள் இருந்தார். தினமும் காலையில் அவர் செருப்பு போடுவதற்கு முன் அம்மா உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். இரவில் அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சூடாக ஓரிடம் தட்டுப்பட்டால் மறுநாள் நடக்க விடமாட்டார். இன்னொரு புண் வரவே இல்லை.

இப்போது மேசைமேல் இருப்பதற்கு வருகிறேன். இந்த நைலான் இழையைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தம் வந்ததும் வளைந்துவிடும். அதற்குமேல் அழுத்தாது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வான் ஃப்ரை என்ற ஆய்வாளர் குதிரை மயிரையும் மனித மயிரையும் குச்சியில் ஒட்டித் தோலைச் சோதித்ததன் வாரிசு இது. பாதத்தில் ஓரிடத்தில் வைக்கிறேன், பட்டது தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பத்து இடங்கள், இரண்டு நிமிட வேலை. இந்த 10 கிராம் தெரியாத கால் ஆணியைக் காட்டிக்கொடுக்காது.

சர்க்கரை உள்ளவர்கள் முதலில் வாருங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்து காட்டவும் கற்றுத்தருகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு இந்த நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.